சூசைநாயகத்தின் சட்டை

ஜனவரி 9

அலைமுகம் கலைக்கூடத்தில் எல்லாருக்கும் டைரி கொடுத்தார்கள். கைத்தறித் துணி ஒட்டிய அட்டை. வீணாக்க மனமில்லாமல் எழுதுகிறேன்.

காலையில் கூட்டம். அடுத்த கண்காட்சியை இயக்குநர் நிரஞ்சனா மேடம் அறிவித்தார். பெயர் ‘கரை சேராதவர்கள்’. எட்டு வருஷத்துக்கு முன்பு புயலில் போன எங்கள் தெக்குத்துறை ஆட்களைப் பற்றியது. ஒரு வீட்டுக்கு ஒரு பொருள் வாங்க வேண்டும். கொல்கத்தாவிலிருந்து அனிர்பன் என்று ஒரு சிற்பி வருகிறார். அவர் அந்தப் பொருள்களை வைத்து வேலை செய்வார்.

“பெல்சி, நம்ம கூடம் இந்த ஊருக்குள்ள இருக்கு. ஊர்தான் நம்ம கூடத்துக்குள்ள வரலை. நீங்கதான் பாலம்” என்றார் மேடம்.

உண்மைதான். பழைய கயிற்றுக் கிடங்குக்கு வெள்ளையடித்துக் கலைக்கூடமாக்கி நாலு வருஷம் ஆகிறது. இதுவரை எங்கள் ஊர்க்காரர்கள் உள்ளே வந்தது கழிப்பறைக்கு மட்டும்தான். என் வேலையின் பெயர் சமூக ஒருங்கிணைப்பாளர். ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிகிறது. இது நன்றாக நடந்தால் நிரந்தரம் செய்வது பற்றிப் பேசலாம் என்றார்.

ஜனவரி 13

ஐந்து வீடு போனேன். ஒரு டார்ச் லைட், ஒரு ஜெபமாலை, மேல்வரிசைப் பல்செட் ஒன்று, கண்ணாடி உடைந்த போன் ஒன்று. மரியலீலா மாமி தன் தம்பியின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாள். நின்றுபோன கல்யாணம்.

யாரும் அதிகம் கேட்கவில்லை. என்னைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறவர்கள். எல்லா வீட்டிலும் டீ கொடுத்தார்கள், ராத்திரி நெஞ்செரிச்சல்.

படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கிறது: ‘இரவல்’, ‘நன்கொடை’. இன்சூரன்ஸுக்குச் சுலபம் என்று எல்லாவற்றிலும் இரண்டாவதில் டிக் போடச் சொல்லியிருந்தார் மேடம். போட்டேன். கையெழுத்து வாங்குகிற இடத்தில் நின்று முழுதையும் வாசித்துக்காட்டினால் பொழுது போய்விடும்.

ஜனவரி 18

செலின் அக்கா வீடு. மகளை முட்டத்தில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறாள். இன்றும் வண்ணச் சேலை, தலையில் பூ, கழுத்தில் தாலி. புருஷன் சூசைநாயகம் ஏதோ ஒரு தேசத்தில் ஜெயிலில் இருக்கிறார் என்பது அவள் நம்பிக்கை. ஊரில் யாரும் அந்தப் பேச்சைத் தொடுவதில்லை.

தகரப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். வாய் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே நீலக் கட்டம் போட்ட சட்டை.

“அண்ணைக்குக் காலம்பற கழத்திப் போட்டுட்டு வேற சட்ட மாத்திட்டுப் போனாரு. தொவைக்கணும்னு எடுத்து வச்சேன். பொறவு தொவைக்கல. மாசத்துக்கு ஒருக்கா, முதல் வெள்ளிக்கு மட்டும் தொறப்பேன். அடிக்கடித் தொறந்தா வாசம் தீந்துரும் பிள்ள.”

கண்காட்சிக்குக் கேட்டேன். மாட்டேன் என்றாள். வேறு ஏதாவது தருகிறேன், கைக்கடிகாரம் இருக்கிறது என்றாள். கைக்கடிகாரம் ஏற்கெனவே மூன்று வந்துவிட்டது. ஆகவே இன்னும் கொஞ்சம் பேசினேன். கண்காட்சிக்குக் கலெக்டர் வருவார், டெல்லியிலிருந்து ஆட்கள் வருவார்கள், பத்திரிகையில் வரும் என்றேன்.

“அவங்க பாத்தா மறுபடியும் தேடச் சொல்லுவினுமா?”

இதை ஒழுங்காக எழுத வேண்டும். தேடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. “பெரிய ஆளுக கண்ணுல பட்டா நல்லதுதானே அக்கா” என்றுதான் சொன்னேன். அவளாக அப்படிப் புரிந்துகொண்டாள்.

கவரை என் கையில் கொடுக்கும்போது முடிச்சை ஒரு தடவை இறுக்கினாள். “தொறக்காம வச்சிருங்க” என்றாள். சரி என்றேன்.

ஜனவரி 20

மொத்தம் முப்பத்தெட்டுப் பொருள். மேடம் என் தோளைத் தட்டினார்.

பிப்ரவரி 4

அனிர்பன் வந்துவிட்டார். மெல்லிய ஆள், மெல்லிய குரல். முப்பத்தெட்டையும் நீள மேசையில் பரப்பி இரண்டு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு நீலச் சட்டையின் கவரைக் கத்தரிக்கோலால் வெட்டி விரித்தார். முடிச்சை அவிழ்க்கலாமே என்று நினைத்தேன், சொல்லவில்லை. ஏசி முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“மற்றதெல்லாம் பொருள்கள். இது ஓர் உடல்” என்றார். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

சட்டை சாயங்காலம்வரை மேசைமேல் கிடந்தது. போகும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு வாசமும் வரவில்லை. ஒருவேளை முன்பே தீர்ந்திருக்கும்.

பிப்ரவரி 12

ரெசின் ஊற்றும் வேலை. தண்ணீர்போல இருக்கிறது. அச்சுக்குள் ஊற்றி விட்டுவிட்டால் மறுநாள் கண்ணாடிக் கல்லாகிவிடும். சட்டையைக் கம்பியில் விரித்து, காற்றில் உப்பியதுபோல் நிறுத்தி, அதைச் சுற்றி ஊற்றினார்கள். எனக்கு முகமூடி கொடுத்தார்கள்.

“பிறகு இதை வெளியே எடுக்க முடியுமா?” என்று கேட்டேன்.

அனிர்பன் சிரித்தார். “ஏன் எடுக்க வேண்டும்? இனி ஐந்நூறு வருஷம் இருக்கும்.”

அழகாகத்தான் இருந்தது. மூழ்குகிறவன் கை விரித்ததுபோல.

பிப்ரவரி 19

பெயர்ப்பலகைகள் எழுதும் வேலை என்னுடையது. எல்லாவற்றிலும் ‘காணாமல் போன மீனவர்’ என்று எழுதிக் கொடுத்தேன். முப்பத்தெட்டிலும் அதே சொல், வாசிக்கச் சலிப்பாக இருக்கிறது, பலகையில் இடமும் போதவில்லை என்றார் மேடம். ‘மறைந்த’ என்று மாற்றினேன். கௌரவமான சொல். இரண்டாவது வரிக்கு இடம் கிடைத்தது.

மார்ச் 1

கால் வலிக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

திறப்பு விழா ஐந்து மணிக்கு. குடும்பத்தினரை இரண்டு மணிக்கே பஸ்ஸில் அழைத்து வந்து மூன்றரைக்குத் திருப்பி அனுப்ப ஏற்பாடு. ஐந்து மணிக்கு வருகிறவர்கள் நூற்றைம்பது பேர், இடம் இல்லை. குடும்பத்தினருக்கு டீயும் ஆளுக்கு ஒரு கேக் பொட்டலமும்.

செலின் அக்கா பச்சைப் பட்டுச் சேலை கட்டி, மல்லிகைப்பூ வைத்து வந்தாள். மடியில் ஒரு பை. அதில் சூசைநாயகத்தின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஆறு, ரேஷன் கார்டு நகல், அப்போது கொடுத்த மனுக்களின் நகல்கள்.

“கலெக்டர் எப்ப வருவாரு பிள்ள?”

“அஞ்சு மணிக்கு அக்கா.”

“அப்ப நான் இருந்து பாத்துட்டு வரட்டா?”

“பஸ் மூணரைக்குப் போயிரும்.”

“நடந்து போயிருவேன்.”

பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் நிற்க முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பையை என்னிடம் தந்து கலெக்டர் கையில் கொடுக்கச் சொன்னாள்.

கூடத்தின் நடுவில் சட்டை தொங்குகிறது. மேலிருந்து வெளிச்சம். அவள் அதைப் பார்த்ததும் சிரித்தாள். “நல்ல கண்ணாடிப் பெட்டி. தூசி அண்டாது” என்றாள். நான் தலையாட்டினேன். பிறகு குனிந்து பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தாள். மறைந்த. மீனவர். சூசைநாயகத்தின். சட்டை.

“மறைஞ்சன்னா ஒளிஞ்சிருக்கதுதானே பிள்ள?”

நான் வேறு பக்கம் யாரையோ பார்த்துக் கைகாட்டினேன். பக்கத்தில் நின்ற மரியலீலா மாமிதான் சொன்னாள்: “செத்துப்போனவருன்னு போட்டிருக்கு செலினு.”

செலின் அக்கா என் கையைப் பிடித்தாள். “சேதி வந்துதா? கலெக்டர் ஆபீஸ்லருந்து ஒங்களுக்குச் சேதி வந்துதா? அதான் இப்படிப் போட்டியளா?”

மணி மூன்று இருபத்தைந்து. வெளியே பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். மேடம் கதவருகில் நின்று கடிகாரத்தைக் காட்டுகிறார். நான் ஆமாம் என்றேனா, ம் என்றேனா, இப்போது நினைவில்லை.

அவள் தரையில் உட்கார்ந்தாள். விழவில்லை, உட்கார்ந்தாள். சத்தம் பிறகுதான் வந்தது. மற்றப் பெண்களும் தொடங்கிவிட்டார்கள். மூன்றரை பஸ் நாலு மணிக்குத்தான் கிளம்பியது. தரையில் உதிர்ந்த மல்லிகைப்பூவைக் கூட்ட ஆள் தேட வேண்டியிருந்தது.

விழா சிறப்பு. கலெக்டர் வரவில்லை, அவருடைய உதவியாளர் வந்தார். பை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

மார்ச் 2

இரண்டு பத்திரிகையில் முதல் பக்கம். சட்டைக்குக் கீழே செலின் அக்கா உட்கார்ந்து கதறும் படம். கூடத்தின் புகைப்படக்காரர் எடுத்தது. “இதுக்குத்தான் கலை” என்று மேடம் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். நானும் கைகூப்பும் படம் ஒன்று போட்டேன்.

மார்ச் 5

சாம்பல் புதன். நேற்றும் இன்றும் செலின் அக்கா வந்தாள். வெள்ளைச் சேலை, பூ இல்லை, தாலி இல்லை. நெற்றியில் சாம்பல் சிலுவை. வாசல் காவலர் டிக்கெட் கேட்டிருக்கிறார். என்னைக் கூப்பிட்டார்கள். ‘கலைஞரின் விருந்தினர்’ என்று ஓர் அட்டை எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்டேன்.

மார்ச் 10

தினமும் வருகிறாள். சட்டைக்கு முன்னால் நிற்கிறாள், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். வெளிநாட்டுக்காரர்கள் அவளையும் சேர்த்துப் படம் எடுக்கிறார்கள். பார்வையாளர் புத்தகத்தில் ஒருவர், இந்த நிகழ்த்துகலை மிகவும் பாதித்தது என்று எழுதியிருக்கிறார். மேடம் அதை வாசித்துவிட்டு, அவளை விரட்ட வேண்டாம், ஒரு ஸ்டூல் போடுங்கள் என்றார். வெள்ளை ஸ்டூலாகப் பார்த்துப் போட்டேன்.

மார்ச் 15

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது என் அறைக்கு வந்தாள்.

“பாதர்கிட்டப் பேசிட்டேன். உடம்பு கிடைக்காட்டியும் உடுப்ப வச்சு அடக்கம் பண்ணலாம்னு சொன்னாரு. ஈஸ்டர் முடிஞ்சு வாற சனிக்கிழமை. ஒங்க கண்காட்சி இந்த மாசம் முடியும்லா? அந்தப் பெட்டியத் தொறந்து சட்டைய எடுத்துத் தந்துருங்க.”

“அவசரப்படாதீங்க அக்கா. ஒருவேளை அண்ணன் எங்கயாவது...”

“நீதான பிள்ள ஆமான்னு சொன்ன.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

“எட்டு வருசம் கஞ்சி குடிக்கும்போதெல்லாம் ஜெயில்ல என்ன குடுக்கானுவளோன்னு நெனச்சேன்” என்றாள். “இனி நெனைக்க வேண்டாம். அவருக்க சட்டையாவது மண்ணுக்குப் போட்டும்.”

பார்க்கிறேன் என்றேன்.

மார்ச் 17

மேடத்திடம் சொன்னேன். படிவத்தை எடுத்து ‘நன்கொடை’ கட்டத்தில் இருந்த டிக்கைக் காட்டினார். டெல்லியில் ஓர் அருங்காட்சியகம் அதைக் கேட்டுவிட்டது, ஏப்ரல் முதல் வாரம் பெட்டி கிளம்புகிறது. “அதை உடைச்சா சட்டையும் தூள்தான். அவங்களுக்கு எதைத் தருவீங்க, கண்ணாடித் துண்டையா? நீங்கதான் அவங்ககிட்டப் பேசணும் பெல்சி. இந்த மாதிரி நேரத்துக்குத்தானே உங்க பதவியே இருக்கு.”

அதேபோல ஒரு சட்டையைக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது.

மார்ச் 18

நேற்று எழுதியதை வாசித்தேன். ‘பேச்சு வந்தது.’ என் டைரியைத் திறந்து யார் பார்க்கப்போகிறார்கள்? அந்தப் பேச்சை எடுத்தது நான். மேடம் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “எனக்கு இது தெரியாது. நான் கேட்கலை” என்றார். நல்லவர். மறுக்கவும் இல்லை.

ஏப்ரல் 3

மரப்பெட்டி கிளம்பியது. நாலு பேர் தூக்கினார்கள். ‘உடையக்கூடியது’ என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. காலையில் செலின் அக்கா வந்து, சட்டை தொங்கிய இடத்தில் வெறும் கம்பியைப் பார்த்துவிட்டு, “எடுத்துட்டியளா?” என்று சந்தோஷமாகக் கேட்டாள்.

“எடுத்துட்டோம் அக்கா.”

ஏப்ரல் 8

நாகர்கோவிலில் ஏழு கடை ஏறி இறங்கினேன். அந்த நீலக் கட்டம் இப்போது வருவதில்லை. கிட்டத்தட்ட அதுபோல ஒன்று வாங்கி மொட்டைமாடியில் உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்தேன். புதுச்சட்டை நனைந்ததுபோல்தான் இருக்கிறது.

ஏப்ரல் 10

அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அவளுடைய பீரோவின் கீழ்த்தட்டில் அப்பாவின் சட்டைகள் இருக்கின்றன. அப்பா மஞ்சள் காமாலையில் போய் மூன்று வருஷம். அந்த நீலக் கட்டத்தை ஒரு திருவிழாவின்போது வந்த துணிக்காரனிடம் பாதி ஊர் எடுத்தது. அப்பாவும் எடுத்தார்.

அவரை வீட்டுக் கட்டிலில் கிடத்தி, குளிப்பாட்டி, கோட் போட்டு, ஊர் கூடி அடக்கம் செய்தோம். அவருக்கு எல்லாம் முறையாக நடந்தது. ஒரு சட்டை குறைவதால் அவருக்கு ஒன்றும் இல்லை. அம்மா அந்தத் தட்டைத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

ஏப்ரல் 12

செலின் அக்காவிடம் கொடுத்தேன். புதுக் கவரில் போட்டு வாய் இறுக்கிக் கட்டியிருந்தேன். அங்கேயே திறந்துவிடுவாளோ என்று பயம். அவள் திறக்கவில்லை.

“அடக்கத்தண்ணைக்குத்தான் தொறப்பேன்” என்று நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பிறகு என் நெற்றியில் சிலுவை போட்டாள். “நீ இல்லாட்டி யார் இவ்வளவு செய்வா மக்களே.”

ஏப்ரல் 26

அடக்கம்.

ஊரே வந்தது. கூடத்தின் சார்பில் மலர்வளையம். மேடம் புகைப்படக்காரரையும் அனுப்பியிருந்தார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், அவர் அதற்குள் சவப்பெட்டியின் தலைமாட்டில் நல்ல இடம் பிடித்துவிட்டார்.

வீட்டு முற்றத்தில் பெட்டி. வெள்ளைத் துணி விரித்து வெறுமையாக இருந்தது. ஜெபம் முடிந்ததும் செலின் அக்கா கவரை அவிழ்த்தாள். சட்டையை எடுத்து முகத்தோடு சேர்த்துப் பிடித்தாள். பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டார்கள். அவள் முகத்தை எடுக்கவில்லை, எடுக்கவில்லை. நான் பாதரின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு முகத்தை நிமிர்த்தினாள். அழுகை இல்லை. நேரே என்னைப் பார்த்தாள்.

“பெல்சி. இது அவருக்க சட்டதானா? நீ சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்.”

“ஆமாக்கா” என்றேன். தெளிவாக, எல்லாருக்கும் கேட்கிறமாதிரி.

அதற்குப் பிறகுதான் அம்மாவைப் பார்த்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். செலின் அக்கா கையில் இருந்த சட்டையின் கையைப் பிடித்தாள், ஒரு மனுஷனின் கையைப் பிடிப்பதுபோல. அப்படியே பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். அப்பா போனபோதுகூட அம்மா இப்படி அழவில்லை. அப்போது வந்தவர்களுக்குக் காப்பி போடுவதிலேயே இருந்தாள்.

செலின் அக்கா அம்மாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சட்டையை அம்மாவின் மடியில் வைத்து, இருவருமாக அதை மடித்தார்கள். பித்தான்களை அம்மா ஒவ்வொன்றாகப் போட்டாள். இருவருமாகவே பெட்டிக்குள் வைத்தார்கள்.

“அடுத்தவ துக்கத்துக்கு இப்படி அழுறாளே, என்ன மனசு” என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

அம்மா கல்லறைத்தோட்டத்துக்கும் போனாள். நான் புகைப்படக்காரருக்கு மோர் வாங்கிக் கொடுக்கப் போனேன்.

ஏப்ரல் 27

அம்மா சமைத்து மூடிவைத்திருக்கிறாள். பேசவில்லை. பீரோவின் கீழ்த்தட்டு திறந்தே கிடக்கிறது. மூடினேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் திறந்திருக்கிறது.

ஏப்ரல் 30

நிரந்தர ஆணை வந்தது. ‘உள்ளூர் மக்களின் நம்பிக்கையைப் பெறுவதில் இவருடைய பங்கு தனித்துவமானது’ என்று ஒரு வரி. மேடம் கேக் வெட்டினார். அம்மாவிடம் சொன்னேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “சரி” என்றாள். நாலு நாளில் முதல் சொல்.

மே 4

அம்மா முதல் பூசைக்குப் போய் ஒன்பது மணிவரை வரவில்லை. தேடிப் போனேன்.

கல்லறைத்தோட்டத்தில் இருந்தாள். அப்பாவின் கல்லறையில் இல்லை. கடல்பக்கச் சுவரோரம், ‘சூசைநாயகம்’ என்று எழுதிய புதுச் சிலுவைக்கு முன்னால். பக்கத்தில் செலின் அக்கா. காற்று பலமாக இருந்தது. செலின் அக்கா இரண்டு கையையும் குவித்துப் பிடித்திருக்க, அம்மா மெழுகுவர்த்தி கொளுத்தினாள். ஒன்று எரிந்ததும் செலின் அக்கா இன்னொன்றை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். அதையும் அதே மண்ணில் நட்டார்கள். ரொம்ப நாளாகவே சேர்ந்து வருகிறவர்களைப்போல இருந்தார்கள்.

திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் என்னைப் பார்த்துவிட்டார்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செலின் அக்காதான் கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

“வா பிள்ள. வந்து ஒரு திரி கொளுத்து. ஒனக்க அப்பாதானே.”

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை.